கண்ட்ரோல் என்பதற்குத் தமிழ்: கட்டுப்பாடா, உறுப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

செய்முறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். எக்செல் 2003-இல் மெனுவிலும் கருவிப்பட்டையிலும் உள்ள ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் உண்டு. சேமிக்க 3, நகலெடுக்க 19, வெட்ட 21, ஒட்ட 22. மெனு, கருவிப்பட்டை எல்லாம் அடங்கிய கமாண்ட்பார்ஸ் தொகுப்பை ஒரு சுற்று சுற்றிவரும் சின்ன மேக்ரோ (பல கட்டளைகளைத் தானாகச் செய்யும் நிரல்) எழுதினால் பெயரும் எண்ணும் தாளில் வரிசையாக வந்து விழும். மென்பொருளின் மொழி மாறினால் பெயர் மாறிவிடும், எண் மாறாது. பாடத்தின் உயிரே அதுதான். மெனுவிலும் கருவிப்பட்டையிலும் இருந்து கட்டளையை இயக்கும் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் கண்ட்ரோல் என்பார்கள். அதனால் 'கட்டுப்பாடுகளைக் கண்டறிதல்' என்று தலைப்பு வைத்தேன். எதைச் செய்யக்கூடாது என்ற பட்டியலா சார் என்று ஒரு மாணவி கேட்டாள். கண்ட்ரோல், மேக்ரோ இரண்டுக்கும் நல்ல சொல் வேண்டும்.

———

ஐயா, மேக்ரோவுக்குத்தான் குறுநிரல் இருக்கிறதே. கண்ட்ரோலுக்குப் பொத்தான் போதாதா?

———

போதாது அம்மா. கீழ்விரி பெட்டியும் துணை மெனுவும்கூடக் கண்ட்ரோல்தான். அவற்றை எப்படிப் பொத்தான் என்பது?

குறுநிரலும் விரிதாள் பாடத்துக்கு ஆகாது. பள்ளிக் கணக்கில் அணி என்றால் நிரை, நிரல். குறுநிரல் என்றதும் அகலம் குறைந்த நெடுவரிசை என்றுதான் மாணவன் நினைப்பான். நிரல் என்பதன் வேர்ப்பொருளே வரிசை. சொற்களை வரிசைப்படி பொருத்தும் நிரல்நிறை அணிக்கு நாம் காட்டும் 45-ஆம் குறளில் அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று வரிசையாக அமையவில்லையா? மேலும் மேக்ரோ என்பது கிரேக்கத்தில் நீண்டது, பெரியது. ஒரே கட்டளை பல கட்டளைகளாக விரிவதால் வந்த பெயர். அதைக் 'குறு' என்பது நேர் எதிர். ஏவல்தொடர் என்று வைக்கலாம். ஏவல் வினை எல்லோரும் படித்ததுதானே.

———

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏவல் என்றால் பில்லி, சூனியம்தான் ஐயா. வகுப்பில் அதைச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர முடியாது. மேக்ரோ என்றே இருக்கட்டும்.

கண்ட்ரோலுக்கு உறுப்பு என்பேன். தொல்காப்பியம் செய்யுளுக்கு 34 உறுப்பு சொல்கிறது. மாத்திரையும் உறுப்பு, வண்ணமும் உறுப்பு. சிறிதும் பெரிதும் ஒரே பெயரில் அடங்கும். மெனுவைப் பட்டி என்றால் பட்டியுறுப்பு, கருவிப்பட்டைக்குப் பட்டையுறுப்பு. உடம்படுமெய்யும் இயல்பாக வருகிறது.

———

பட்டி என்றால் ஆடு அடைக்கும் இடம். மெனு என்றே எழுதுங்கள்.

இன்னொன்று. எக்செல் 2007-இல் மெனுவுக்கும் கருவிப்பட்டைக்கும் பதிலாக ரிப்பன் வந்தபின் உள்ளமைந்த கட்டளையை மேக்ரோவில் இயக்க எக்ஸிகியூட்எம்எஸ்ஓ என்ற செயல்முறை இருக்கிறது. அதற்கு எண் தருவதில்லை. ஃபைல்சேவ், காப்பி போன்ற பெயர்களைத்தான் தருகிறோம். ஆகவே 'அடையாள எண்' என்று எழுதிவிடாதீர்கள். 'அடையாளம்' என்றால் இரண்டும் அடங்கும்.

———

நன்றி. அடையாளம் உறுதி. 'மேக்ரோ கொண்டு மெனு, கருவிப்பட்டை உறுப்புகளின் அடையாளம் அறிதல்' என்று தலைப்பை மாற்றிவிட்டேன். நீளம்தான், ஆனாலும் மாணவிக்குப் படித்துக் காட்டினேன், புரிகிறது என்றாள். வேறு மறுப்பு இல்லையென்றால் இரவே அனுப்பிவிடுகிறேன்.

———

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் தலைப்பின் முதல் சொல்லே மேக்ரோ என்பதை நான் ஏற்கவில்லை. ஏவல் வேண்டாமென்றால் விரிகட்டளை என்று வைக்கலாம். ஒன்று பலவாக விரிவது அதில் இருக்கிறது. எலிமெண்டுக்கும் (தொகுப்பில் அடங்கும் ஒவ்வொன்றுக்கும்) உறுப்பு என்றுதான் எழுதிவருகிறோம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்?