ஒரே கேஜே (கிங்-ஜாக்), ரெண்டு சீட்: பொசிஷன் உங்களுக்கு எப்போ உறைச்சுது?

டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் (கைல ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு) ஆட ஆரம்பிச்சு ரொம்ப நாள் வரைக்கும் எந்த சீட்ல உக்காந்திருக்கோம்ங்கறது எனக்கு ஒரு விஷயமாவே படல, நல்ல சீட்டு வந்தா ரெய்ஸ் (பந்தயத்தை ஏத்தறது), வரலைன்னா ஃபோல்ட் (சீட்டை மடிச்சுட்டு விலகறது), அவ்ளோதான். பொசிஷன் (முன்னாடி பேசறோமா, கடைசியா பேசறோமாங்கற இடம்) பொசிஷன்னு மத்தவங்க சொல்றப்போ சும்மா தலையாட்டிருக்கேன். மண்டைல ஏறினது ஒரே ராத்திரில ரெண்டு தடவை கேஜே வந்தப்போ தான், ரெண்டுமே ஆஃப்சூட் (கைல இருக்கற ரெண்டு சீட்டும் வேற வேற சின்னம்).

9 பேர் டேபிள், ஆளுக்கு 10,000 சிப்ஸ், பிளைண்ட் (சீட்டு பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா கட்டறது) ஸ்மால் 50, பிக் 100. நான் பிக் பிளைண்டுக்கு அடுத்த சீட், அதாவது முதல்ல வாயத் திறக்கவேண்டிய ஆள். கிங்கும் ஜாக்கும் பாத்ததும் குஷியா 300 போட்டேன். எல்லாரும் மடிச்சுட்டாங்க, பட்டன்ல (டீலர் இடம், பொது சீட்டு விழுந்தப்புறம் கடைசியா பேசற சீட்) இருந்தவர் மட்டும் கால் (அதே தொகையைப் போட்டுத் தொடர்றது). ஃப்ளாப்ல (முதல் மூணு பொது சீட்டு) கிங், 8, 4, அதுல ரெண்டு ஆர்ட்டின். என்கிட்ட கிங் ஜோடி இருக்கே, 400 போட்டேன், அவர் யோசிக்கவே இல்ல, கால். டர்ன் (நாலாவது பொது சீட்டு) 6. இங்கதான் எனக்கு வேர்த்துச்சு, அவர்கிட்ட ஆர்ட்டின் ஃப்ளஷ் ட்ராவா (அஞ்சு ஆர்ட்டின் சேர இன்னும் ஒண்ணுதான் பாக்கியா), இல்ல என்னைவிட பெரிய கிங்கா, ஒண்ணும் தெரியல, ஆனா முதல்ல பேசவேண்டியது நான். செக் (பந்தயம் போடாம விடறது) பண்ணேன், 900 வந்துச்சு, கால் பண்ணேன். ரிவர் (அஞ்சாவது, கடைசி பொது சீட்டு) 2, மறுபடி செக், இந்த தடவை 1800. பாட்டை (நடுவுல சேர்ந்த மொத்த சிப்ஸை) பாத்து மனசு விடல, அதையும் கால் பண்ணேன். கிங்-குயின் காட்டினார், அதே கிங் ஜோடி, ஆனா துணைச் சீட்டு என்னோடதைவிட பெரிசு. மொத்தம் 3400 போச்சு, கிட்டத்தட்ட என் மொத்த சிப்ஸ்ல மூணுல ஒரு பங்கு. அந்த கை முழுக்க எனக்குத் தெரியாததை அவர் பாத்துக்கிட்டே ஆடிருக்கார், நான் பயந்து செக் பண்ணது உட்பட.

ஒரு மணி நேரம் கழிச்சு அதே கேஜே, இப்போ பட்டன்ல நான். என் வரைக்கும் எல்லாரும் ஃபோல்ட், 250 போட்டேன், பிக் பிளைண்ட் மட்டும் வந்தார். ஃப்ளாப் குயின், 9, 4. எனக்கு ஜோடி கூட இல்ல, 10 வந்தா ஸ்ட்ரெய்ட் (வரிசையா அஞ்சு சீட்டு), அவ்ளோதான். அவர் செக், நானும் செக் பண்ணி ஒரு சீட்டை ஓசில பாத்துக்கிட்டேன். டர்ன் 3, அவர் திரும்பவும் செக். 350 போட்டேன், மடிச்சுட்டார். கிங் ஜோடி வெச்சுக்கிட்டு 3400 விட்டவன் வெறுங்கையில பாட் அள்ளினேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கேஜேவை அமுக்கிடுற கைகள்னு ஏகே, ஏஜே, கேகியூ, அப்புறம் ஜோடி ஏஸ், ஜோடி கிங், ஜோடி ஜாக் எல்லாம் சேத்தா 48 காம்பினேஷன், ஒருத்தர் கைல இருக்கக்கூடிய மொத்தம் 1225ல. எனக்குப் பின்னாடி 8 பேர் இருந்தா அதுல யாராவது ஒருத்தர்கிட்ட இதுல ஒண்ணு இருக்க சான்ஸ் 27 சதவீதம் பக்கம். பட்டன்ல இருந்தா பின்னாடி ரெண்டே பேர், 8 சதவீதம் கூட வராது. இது ஃப்ளாப்புக்கு முன்னாடி கதை மட்டும்தான், அதுக்கப்புறம் மூணு ரவுண்டும் கடைசியா பேசறதுல வர்ற லாபம் தனி. இப்போ முதல் சீட்ல கேஜே ஆஃப்சூட் வந்தா கண்ணை மூடிட்டு ஃபோல்ட். உங்க அனுபவம் எப்படி?

பாதிபிளைண்ட்

எனக்கு ஆப்பு வெச்சது ஸ்மால் பிளைண்ட் ப்ரோ. எந்த சீட்ல எவ்ளோ ஜெயிக்கறேன், தோக்கறேன்னு ஆறு மாசம் ஒரு நோட்டுல எழுதி வெச்சேன். பிளைண்ட் ரெண்டுலயும் நஷ்டம் வர்றது சகஜம், கட்டாயமா கட்டறோம்ல, ஆனா முழுசா கட்டற பிக் பிளைண்டைவிட பாதி கட்டற இடத்துல எனக்கு அதிகமா போயிருந்துச்சு. காரணம் சிம்பிள், "பாதி கட்டியாச்சு, மீதியும் போட்டு ஃப்ளாப்தான் பாப்போமே"ன்னு ஜே7, கியூ5 எல்லாத்தையும் இழுத்துட்டு வந்திருக்கேன், ஃப்ளாப்புக்கு அப்புறம் ஒவ்வொரு ரவுண்டும் முதல்ல பேசவேண்டியவன் நான்தான்ங்கறதையே மறந்துட்டு. தள்ளுபடி விலைல குப்பை வாங்கின மாதிரி. இப்போ அங்க ரெய்ஸ் இல்லன்னா ஃபோல்ட், கால் ரொம்ப அபூர்வம்.

சீட்டுமூடி

2007ல போக்கர் ப்ளேயர் அனெட் ஓப்ரெஸ்டாட் 180 பேர் ஆடின ஆன்லைன் டோர்னமென்ட்ல தன் சீட்டை மறைச்சு வெச்சு ஆடி ஜெயிச்சாங்க, ஒரே ஒரு தடவைதான் எட்டிப் பாத்தாங்களாம். அதே வருஷம் லண்டன்ல வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் யூரோப் மெயின் ஈவென்ட்டும் அவங்கதான், வயசு 18. இதைக் கேட்டுட்டு நானும் கண்ணை மூடிட்டு பட்டன்ல எல்லாம் ரெய்ஸ் அடிச்சேன். முதல் நாலு தடவை சூப்பர். அஞ்சாவது தடவைல இருந்து எனக்கு இடப்பக்கம் ஸ்மால் பிளைண்ட்ல இருந்த ஆள் முழிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் ஆல்-இன் (கைல இருக்கற எல்லா சிப்ஸும்) தள்ள ஆரம்பிச்சுட்டார். ஆல்-இன் வந்துட்டா அப்புறம் பேசறதுக்கு ரவுண்டே இல்ல, பட்டனாவது ஒண்ணாவது, சீட்டுதான் பேசும், என் சீட்டு என்னன்னு எனக்கே தெரியாது. அந்தம்மா சீட்டைப் பாக்கலையே தவிர டேபிளைப் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க, நான் ரெண்டையும் பாக்கல.

வலதுபக்கம்

மேல சொன்ன மாதிரி ஆள் இடப்பக்கம் இருந்தா நரகம்தான். எங்க டேபிள்ல ஒருத்தர் எல்லா கையிலயும் ரெய்ஸ் அடிப்பார், நான் என்ன போட்டாலும் பின்னாடியே வந்து ஏத்துவார். ஒரு சீட் காலியானதும் எழுந்து அவருக்கு இடப்பக்கமா போய் உக்காந்தேன், அதாவது அவர் இப்போ எனக்கு வலப்பக்கம். சுத்து இடப்பக்கமா போறதால அவர் என்ன பண்றார்னு பாத்துட்டு நான் பேசலாம். அவர் ஆட்டம் மாறல, எனக்கு பிபிதான் குறைஞ்சுது.

ரெண்டுபேர்கச்சேரி

நானும் என் மச்சானும் ரெண்டு பேரா ஆடறப்போ பட்டன்காரர்தான் பிக் பிளைண்ட் கட்டணும்னு நாங்களே ஒரு ரூல் வெச்சு நாலு மாசம் ஆடிருக்கோம். நிஜத்துல ரெண்டு பேர் ஆட்டத்துல பட்டன்தான் ஸ்மால் பிளைண்ட், ஃப்ளாப்புக்கு முன்னாடி முதல்ல பேசணும், அதுக்கப்புறம் கடைசியா பேசலாம். எங்க கணக்குல பட்டன்காரர் எல்லா ரவுண்டும் கடைசி, இன்னொருத்தர் பாவம் எல்லாத்துலயும் முதல். அதுலயும் அவன் பாதில எழுந்து போய்ட்டு வந்தா பட்டன் எப்பவும் அவன் பக்கமே இருக்கும், எப்படின்னு இப்போதான் யோசிக்கறேன்.