சபா கேன்டீனை வெளியே வைத்தால் என்ன?

மாம்பலத்தான்:
நேற்று சென்னையில் ஒரு சங்கீத சபாவில் மாலைக் கச்சேரி. காம்போஜி ராகத்தில் ஆலாபனை, நிரவல், ஸ்வரம் எல்லாம் அமர்க்களமாக முடிந்து, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கினார், அதாவது பாட்டில்லாமல் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி. என் வரிசையில் மட்டும் ஆறு பேர் எழுந்தார்கள். ஒருவர் என் காலை மிதித்துவிட்டு, "அடை தீர்ந்துடும் சார்" என்று காரணமும் சொன்னார். கதவு திறக்கும் போதெல்லாம் சாம்பார் வாசனை. டிக்கெட்டே வாங்காமல் சாப்பிட மட்டும் வருகிற கூட்டம் வேறு வாசல் வரை நிற்கிறது. மார்கழி முழுக்க கேன்டீனை வளாகத்துக்கு வெளியே தள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஊரில் ஓட்டலுக்கா பஞ்சம்?

தாம்பரம் மாமி:
உங்களுக்கு மாம்பலம். பசித்தால் வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். நான் விடிகாலை ரயிலைப் பிடித்தால்தான் மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணி லெக்-டெம்முக்கு (பாடிக் காட்டி விளக்கும் உரைக்கு) உட்கார முடியும். அப்புறம் மதியம் இளையவர்களின் இலவசக் கச்சேரி, சாயங்காலம் டிக்கெட் கச்சேரி. வீடு திரும்ப இரவு பத்தரை. நடுவில் டி.டி.கே. சாலையைக் கடந்து ஓட்டல் தேடச் சொல்கிறீர்களா, இந்த முட்டியோடு? கேன்டீனில் பக்கத்து இலைக்காரர் யாரென்றே தெரியாது. ஆனாலும் "காலையில் அந்தப் பெண் பாடிய தோடி எப்படி?" என்று பேச்சு தொடங்கிவிடும். எனக்கு அதுவும் கச்சேரிதான்.

மாம்பலத்தான்:
மதியச் சாப்பாட்டை யார் குறை சொன்னார்கள் மாமி? தனி நடக்கும்போது எழுந்து போவதைத்தான் சொல்கிறேன்.

பழங்கதை:
அதற்குக் காரணம் அடை இல்லை, கச்சேரியின் அமைப்பு. 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மாநாட்டையொட்டி இசை மாநாடு நடந்தது, 1928-ல் அகாடமி வந்தது, டிசம்பர் சீசன் வேரூன்றியது. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த முறையில்தான் இன்றும் பாடுகிறார்கள்: வர்ணத்தில் தொடங்கி, பிரதான உருப்படி (விரிவாகப் பாடும் முக்கியப் பாட்டு), தனி, கடைசியில் துக்கடாக்கள் என்ற சின்னப் பாட்டுகள். ரசிகர் கணக்குப் போட்டுவிட்டார். பிரதானம் ஆயிற்று, துக்கடாவுக்குள் வந்துவிடலாம்! இடைவேளை விடாத இடத்தில் அவரே விட்டுக்கொள்கிறார்.

மாம்பலத்தான்:
அப்படியானால் பத்து நிமிஷம் இடைவேளை விடட்டுமே.

பழங்கதை:
விட்டால் அடுத்த கச்சேரி தள்ளிப்போகும். காலையிலிருந்து இரவு வரை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் டோக்கன் வரிசை நகர்ந்தால் பெரிய விஷயம்.

கடம் வாசிப்பவன்:
பெரிய பெயர் இல்லை, மதிய ஸ்லாட் ஆசாமி. மேடையிலிருந்து பார்ப்பவனாகச் சொல்கிறேன். தனி தொடங்கினால் எங்கள் கண்ணில் படுவது முதுகுகள்தான். மிருதங்கம் ஒரு சுற்று, நான் ஒரு சுற்று, பிறகு குறைப்பு. நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), இரண்டு, ஒன்று என்று கேள்வியும் பதிலும் சுருங்கிக்கொண்டே போகும். நாங்கள் ஒருவரையொருவர் உண்மையில் சோதித்துக்கொள்வது அங்கேதான். அந்த நேரத்தில் யாராவது தாளம் போட்டால் கை தானாக நிமிரும். மோரா, கோர்வை என்ற முடிப்புக் கணக்குகள் முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும்போது, காப்பி மணத்தோடு திரும்பியவர்கள் எல்லோருக்கும் முன்னால் கைதட்டுவார்கள்! ஆனால் கேன்டீன் இல்லாத சபாவிலும் வாசித்திருக்கிறேன். அங்கேயும் எழுந்தார்கள். போனை எடுத்துக்கொண்டு.

மாம்பலத்தான்:
நீங்களே சொன்ன பிறகு நான் என்ன பேச? ஆனாலும் கதவையாவது சாத்தி வைக்கலாம். குறைப்பு தொடங்கினால் யாரும் உள்ளே வரவும் கூடாது, போகவும் கூடாது.

தாம்பரம் மாமி:
சர்க்கரை வியாதிக்காரர்களையும் உள்ளே வைத்துப் பூட்டுவீர்களா? கடம் தம்பி, நான் இதுவரை தனிக்கு எழுந்துபோனதே இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடம் வாசிப்பவன்:
நன்றி மாமி. போன வாரம் கச்சேரி முடிந்து, கடத்தை உறையில் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். அடை தீர்ந்துவிட்டது.