புதுப்பிப்பு: தேங்காய் எண்ணெய் ஆலைக் கழிவுநீர், புளிக்கவிட்டதும் வழி கிடைத்தது

பொள்ளாச்சி அருகே தேங்காய்ப்பாலிலிருந்து எண்ணெய் எடுக்கும் எங்கள் சிறு ஆலையின் கழிவுநீர் தோப்பு மண்ணில் பிசுக்காகப் படிந்து நாறுவதைப் பற்றிச் சென்ற கோடையில் கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

முதலில் நேரடியாகச் சுண்ணாம்பு கலந்தேன். நீர் வெளுப்பாகவே கலங்கி நின்றது. பதில் தந்தவர்களில் ஒருவரான காங்கேயத்து அண்ணா சொன்னபடி ஓர் இரவு புளிக்கவிட்ட பிறகுதான், பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, 7 நடுநிலை) 4-ஐ ஒட்டி இறங்கியபோது, தேங்காய்ப் புரதம் தயிர்போல் திரண்டு, நான் எதிர்பார்த்தபடி அடியில் படியாமல், கொழுப்பையும் இழுத்துக்கொண்டு விரற்கனத்துக்கு மேலே மிதந்தது. அதை வழித்தெடுத்து, தெளிந்த நீரைச் சுண்ணாம்பால் 7-க்குக் கொண்டுவந்து சாண எரிவாயுக் கலனில் விடுகிறேன். ஆலிவ் எண்ணெய் ஆலைக் கழிவில், வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கும் பாலிஃபீனால்கள் மிகுதி, தேங்காயில் அந்தத் தொல்லை குறைவு என்று ஒருவர் எழுதியது சரியாகவே இருந்தது. ஆனாலும் முதல் வாரமே அளவுக்கு மீறி ஊற்றியதால் கலன் புளித்து வாயு நின்றது. சாணக் கரைசல் சேர்த்து, ஊற்றும் அளவைப் பாதியாக்கிய 3 வாரத்தில் அடுப்பு நீலமாக எரிந்தது.

பாசன நிலத்தில் விடுவதற்கான வரம்பு லிட்டருக்கு பிஓடி (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 100 மில்லிகிராம், எண்ணெய் 10 மில்லிகிராம். எண்ணெய் வரம்புக்குள் வந்துவிட்டது, பிஓடி இன்னும் கூடுதலாக இருப்பதால், கலனிலிருந்து வெளிவரும் நீரைத் தோப்புக்குப் பாய்ச்சாமல் கல்வாழைப் படுகையில் தேக்கி வருகிறேன்.