பூனைக்கு இன்சுலின்: காலையில் 400க்கு மேல், மதியம் 46. இன்னைக்கு ராத்திரி ஊசி போடலாமா?

பூந்தி வீடு, காரைக்குடி | சனி, இரவு 7.20

அவசரம். தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

பூந்திக்கு 9 வயசு. ஆண், கருத்தடை செஞ்சவன், 5.8 கிலோ. ரெண்டு மாசமா தண்ணிக் கிண்ணத்தை விட்டு நகரவே மாட்டேன்னான். மணல் தட்டுல பெரிய பெரிய கட்டியா அள்ளினேன். நல்லாச் சாப்பிட்டும் தடவிக் கொடுக்கும்போது முதுகெலும்பு கையில தட்டுப்பட்டுச்சு. அப்புறம் பின்னங்கால் குதிகாலைத் தரையில பதிச்சு நடக்க ஆரம்பிச்சான். டாக்டர் ரத்தம், சிறுநீர் ரெண்டும் பார்த்து சர்க்கரைன்னு சொல்லி, கிளார்ஜின்ங்கிற இன்சுலின் 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதிக் கொடுத்தார்.

ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. தினம் காலை 7 மணிக்கு, ஊசிக்கு முன்னாடி, காது ஓரத்துல குத்தி அப்பத்தாவோட சர்க்கரை மீட்டர்ல பார்க்கிறேன். 380, 410, 395, 432. இறங்கவே இல்லை. போன வாரம் டாக்டர்கிட்ட போன்ல சொன்னேன், 2 யூனிட்டா ஏத்தச் சொன்னார். இன்னையோட 6 நாள்.

இன்னைக்கு மதியம் 1 மணி இருக்கும். ஊஞ்சப் பலகையிலேர்ந்து இறங்கினவன் ரெண்டடி வச்சு அப்படியே பக்கவாட்டுல சாஞ்சான். கண்ணு முழுக்கக் கறுப்பா விரிஞ்சிருந்துச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பலை. மீட்டர்ல 46. விரல்ல தேன் தொட்டு ஈறுல தடவினேன். கால் மணி நேரத்துல 71. எழுந்து சாப்பிட்டான். இப்போ 7 மணிக்குப் பார்த்தா 418. டாக்டர் போனை எடுக்கலை. ஊசி போடலாமா, வேண்டாமா?

மூணு பூனை அக்கா, கோவை | 7.31

தம்பி, இன்னைக்கு ராத்திரி போடாதீங்க. 418 பார்த்து பயப்பட வேண்டாம். ஒரு வேளை ஊசி விட்டா சர்க்கரை ஒரு நாள் ஏறி நிக்கும், அவ்வளவுதான். 46க்குக் கீழ போனா வலிப்பு வந்து சில மணி நேரத்துல உசுருக்கே ஆபத்தாயிடும். என் பெரியவனுக்கு நாலு வருஷம் இன்சுலின் போட்டேன், அந்தப் பயத்தைப் பக்கத்துல இருந்து பார்த்தவ நான்.

ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காதுல பாருங்க. தேன் பக்கத்துலயே இருக்கட்டும். வலிப்பு வந்தா வாய்க்குள்ள எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். ஈறுல தடவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். டாக்டருக்கு மெசேஜும் போட்டு வைங்க.

இப்போ எனக்கு மூணு விஷயம் தெரியணும். பாட்டில்ல என்ன எண் போட்டிருக்கு? எந்த சிரிஞ்ச், மூடி என்ன நிறம்? சாப்பாடு என்ன? 2 யூனிட்லயும் சர்க்கரை இறங்கும், இல்லைங்கலை. ஆனா நீங்க சொல்ற மாதிரி ஒரே நாள்ல 46ம் 418ம் வந்தா, ஊசி அளவு மேல எனக்குச் சந்தேகம் வருது.

பூந்தி வீடு | 7.44

போடலை அக்கா. இப்போ 402, மடியிலதான் படுத்திருக்கான்.

பாட்டில்ல 1 மில்லிக்கு 100 ஐயூன்னு, அதாவது 100 யூனிட்னு இருக்கு. சிரிஞ்ச் வீட்டுலயே இருந்ததால கடையில பாட்டில் மட்டும் வாங்கினேன். அப்பத்தாவுக்கு 14 வருஷமா சர்க்கரை, அவங்க பெட்டியிலேர்ந்து எடுத்துப் போடறேன். சிவப்பு மூடி. முதல்ல ஒரு கோடு இழுத்தேன், இப்போ ரெண்டு கோடு.

சாப்பாடு: கிண்ணத்துல நாள் முழுக்க உலர் உணவு இருக்கும். ராத்திரி அப்பத்தா ஒரு கை பால்சோறு பிசைஞ்சு வைப்பாங்க, குட்டியிலேர்ந்து பழக்கம்.

மருந்தாளுநர், நாமக்கல் | 7.52

தயவுசெய்து அந்தச் சிவப்பு மூடி சிரிஞ்சை இந்த மருந்துக்கு இனி எடுக்காதீர்கள். தவறு அதில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் பாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. உங்கள் அப்பத்தா போடுவது 40 ஆகத்தான் இருக்கும், பாட்டிலைப் பாருங்கள். சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு மில்லியை 40 கோடுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கோடு 0.025 மில்லி. அந்த அளவுக்கு 100 மருந்தை இழுத்தால் உள்ளே வருவது 2.5 யூனிட். மருத்துவர் 1 சொன்னபோது பூனைக்குப் போனது 2.5. அவர் 2 சொன்னபோது போனது 5.

தொலைபேசியில் இருவரும் ‘யூனிட்’ என்றே பேசியிருப்பீர்கள், அதனால் மருத்துவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. அவரிடம் முதலில் இந்த 5 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.

ஆரஞ்சு மூடியிலும் கவனம் வேண்டும். ஒரு மில்லி சிரிஞ்சில் ஒரு கோடு பெரும்பாலும் 2 யூனிட்டாக இருக்கும், பூனைக்கு அது உதவாது. 0.3 மில்லி சிரிஞ்ச், அரை யூனிட் கோடு போட்டது என்று கேட்டு வாங்குங்கள். சிறிய கடைகளில் இருக்காது, சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். கையில் இருக்கும் சிவப்பு சிரிஞ்சிலேயே கணக்குப் போட்டு ‘அரைக் கோட்டுக்கும் குறைவாக’ இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பூந்தி வீடு | 8.15

அப்பத்தா பாட்டில்ல 40தான் போட்டிருக்கு.

ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு கை நடுங்குது. மூணு வாரமா அவன் உடம்பைப் பிடிச்சு நான்தான் போட்டேன். அப்பத்தா ஒண்ணும் சொல்லாம அவன் தலையைத் தடவிக்கிட்டே இருக்காங்க.

டாக்டர் இப்பதான் கூப்பிட்டார். 5 யூனிட்னதும் கொஞ்ச நேரம் பேசலை. ராத்திரி ஊசி வேண்டாம், விடியுற வரைக்கும் பாருங்க, 80க்குக் கீழ வந்தா தேன் கொடுத்துட்டு எனக்கு எந்நேரமானாலும் கூப்பிடுங்கன்னார். புது சிரிஞ்ச் வந்ததும் சரியான 1 யூனிட்லேர்ந்து திரும்ப ஆரம்பிக்கலாமாம்.

ஒண்ணு மட்டும் புரியலை. அவ்வளவு இன்சுலின் போயும் காலையில எப்படி 400 வந்துச்சு?

கால்நடை மருத்துவ மாணவி, ஒரத்தநாடு | 9.05

அண்ணா, கிளார்ஜின் பூனையில பெரும்பாலும் ஊசி போட்டு 4லேர்ந்து 8 மணி நேரத்துக்குள்ளதான் சர்க்கரையை அடிமட்டத்துக்குக் கொண்டுபோகும். நீங்க பார்த்ததெல்லாம் அடுத்த ஊசிக்கு முந்தின நிமிஷம், அதாவது மருந்து அடங்குற நேரம். நடுவுல எவ்வளவு இறங்குச்சுன்னு இன்னைக்கு மதியம்தான் முதல் தடவையாக் கண்ணுல பட்டிருக்கு. சர்க்கரை ரொம்பக் கீழ போனா கல்லீரல் சேமிச்சு வச்சதை அவசரமாக் கொட்டும், அதுல மேல எகிறும். ஆனா உங்க கணக்குல எல்லாத்தையும் அதுமேல போட மாட்டேன். ராத்திரி பால்சோறும் விடிய விடிய உலர் உணவும் இருக்கே! பூனை மாமிசம் தின்னி. சோத்து மாவையெல்லாம் அதோட உடம்பு சமாளிக்கத் திணறும்.

அதனால காலை எண்ணை மட்டும் பார்த்து அளவை ஏத்தக்கூடாது. ஒரு ஞாயித்துக்கிழமை ஊசியிலேர்ந்து அடுத்த ஊசி வரைக்கும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதுங்க. டாக்டருக்கு அதுல இருக்கிற ஆகக் குறைந்த எண்தான் முக்கியம். மனுஷ மீட்டர் பூனை ரத்தத்துல கொஞ்சம் குறைச்சுக் காட்டும். அதுக்காக 46ஐ அலட்சியம் பண்ணாதீங்க, தள்ளாட்டமும் இருந்திருக்கு.

உணவை மாத்துங்க, ஆனா டாக்டர்கிட்ட சொல்லிட்டு மெதுவா. மாவுச்சத்து குறைஞ்சா இன்சுலின் தேவையும் குறையும், பழைய அளவே போனா திரும்பவும் 46தான். மாவுச்சத்து குறைந்த ஈர உணவு நல்லது. வெறும் வேகவச்ச கோழியே போதும்னு விட்டுடாதீங்க, சுண்ணாம்புச்சத்தும், பூனைக்கு அவசியமான டாரின்ங்கிற சத்தும் பத்தாது.

இன்னொண்ணு. இதுக்கு முன்னாடி சொறி, அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி ஏதாவது போட்டீங்களா? அதுவும் பூனைக்குச் சர்க்கரையைக் கிளப்பிவிடும்.

பூந்தி வீடு | 9.20

ஆமா, கோடையில கழுத்துப் புண்ணுக்கு ரெண்டு தடவை போட்டோம். டாக்டர்கிட்ட சொல்றேன். இப்போ 356.

மூணு பூனை அக்கா | 9.33

அடிக்கடி குத்தப் போறீங்க, அதனால சொல்றேன். வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியை ஒரு நிமிஷம் காதுல வைங்க. ஓரத்துல வாஸ்லின் லேசாத் தடவிட்டுக் குத்தினா ரத்தம் ரோமத்துல பரவாம கடுகு மாதிரி உருண்டு நிக்கும். உடனே பஞ்சு வச்சு அழுத்திப் பிடிங்க, இல்லைன்னா காது கன்னிப்போகும்.

ஊசி போடும்போது ரோமம் நனைஞ்சு மருந்து வாசனை வந்தா பாதி வெளிய போயிருக்கும். அப்பவும் திரும்பப் போடக்கூடாது. உள்ள எவ்வளவு போச்சுன்னு தெரியாதப்போ அடுத்த வேளை வரைக்கும் காத்திருக்கணும். சாப்பிடாம முகத்தைத் திருப்பினாலும் ஊசிக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க. ரெண்டு வேளை சாப்பிடாம வாந்தியும் எடுத்தா சிறுநீர்ல கீட்டோன் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது சேர்ற பொருள்) பார்க்கணும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பூந்தி வீடு | பதினொரு நாள் கழிச்சு, புதன்

அன்னைக்கு ராத்திரி முழுக்க 200க்குக் கீழ இறங்கலை. புது சிரிஞ்ச் திங்கள்கிழமைதான் வந்துச்சு, மதுரையிலேர்ந்து. அது வரைக்கும் ஊசி இல்லை, சிறுநீர்ல கீட்டோன் மட்டும் தினம் பார்த்தோம், இல்லை. அன்னையிலேர்ந்து சரியான 1 யூனிட். பால்சோறை நிறுத்தியாச்சு. அப்பத்தாவுக்குத்தான் அது கஷ்டமா இருந்துச்சு, ராத்திரி கிண்ணத்தை எடுத்து வச்சுட்டுத் திரும்பிப் போயிடுவாங்க.

போன ஞாயிறு எழுதினது: காலை 7க்கு 312, 9க்கு 266, 11க்கு 198, மதியம் 1க்கு 154, 3க்கு 161, 5க்கு 220, ராத்திரி 7க்கு 287. டாக்டர் அளவை மாத்த வேண்டாம், இப்படியே ஒரு வாரம் போகட்டும்னார். சீக்கிரமே கட்டுக்குள்ள வந்த பூனைகள்ல சிலதுக்கு இன்சுலினே தேவைப்படாமப் போகுமாம். அதனால நல்ல எண் வந்தாலும் பார்க்கிறதை விடாதீங்கன்னு சொல்லியிருக்கார்.

ஃபிரிட்ஜ்ல ரெண்டு பேர் மருந்தும் இப்போ வேற வேற டப்பாவுல. அப்பத்தா தன் பாட்டில் மூடியில குங்குமமும் பூந்தி பாட்டில் மூடியில சந்தனமும் வச்சிருக்காங்க. சிவப்பு மூடி சிரிஞ்ச் பெட்டி அவங்க அலமாரிக்குள்ள போயிடுச்சு.

தண்ணி குடிக்கிறது பாதியாயிடுச்சு. பின்னங்கால் இன்னும் தட்டையாத்தான் பதியுது, அது சரியாக மாசக்கணக்கா ஆகுமாம். நேத்து ஊஞ்சப் பலகையில ஏறப் பார்த்தான். முன்னங்காலை மட்டும் வச்சுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், பின்னால தாங்கி ஏத்திவிட்டேன்.