வேன் சுவர்களில் ஈரம் தங்காமல் காப்பு அடுக்கு போடுவது குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். இங்கிலாந்தில் வசிக்கும் நான், பழைய ஃபோர்டு டிரான்சிட் சரக்கு வேன் ஒன்றை, இருவர் சமைத்து உண்டு உறங்கக்கூடிய கேம்பர் வேனாக வீட்டிலேயே மாற்றி வருகிறேன். தரைப்பலகை பதித்தாகிவிட்டது, சுவர்களுக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு போடும் கட்டத்தில்தான் தயங்கி நிற்கிறேன். குளிர்காலத்தில் மூச்சிலிருந்தும் அடுப்பிலிருந்தும் எழும் நீராவி, காப்புப் பொருளைக் கடந்து குளிர்ந்த தகட்டைத் தொட்டதும் நீராகி, நாளடைவில் துருவை உண்டாக்கும் என்பதால், தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நுரையை மட்டும் பயன்படுத்துவதா, அதன்மேல் ஆட்டுக் கம்பளியும் நிரப்புவதா என்று முடிவு செய்ய இயலவில்லை. நீராவித் தடுப்புத் தாளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் இத்தனை திருகாணித் துளைகள் உள்ள வண்டியில் அது முழுமையாக அடைபடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூரையில் காற்றுப்போக்கி எப்படியும் பொருத்துவேன்.

மேலும், பதிவு ஆவணத்தில் வண்டியின் வகையை ‘மோட்டார் கேரவன்’ என மாற்ற, உள்ளே படுக்கையும் அடுப்பும் இருப்பது மட்டும் போதாது, வெளித்தோற்றமும் பொருந்த வேண்டும் என இங்கே வாகனப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் கவனிக்கும் அரசு முகமையான டி.வி.எல்.ஏ. எதிர்பார்க்கிறது. பக்கவாட்டில் சன்னல்களுக்காகத் தகட்டை வெட்டும் முன், அண்மையில் விண்ணப்பித்தவர்கள் எத்தகைய புகைப்படங்களை அனுப்பினார்கள் என்பதையும், வகை மாற்றம் கிடைக்காதவர்கள் காப்பீட்டை எவ்வாறு பெற்றார்கள் என்பதையும் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.