உறைபனியில் நீச்சல் குளத்தையும் ஸ்பாவையும் மூடாமல் வைத்திருப்பது எப்படி? (டல்லாஸ் பக்கம்)

பிளேனோவாசி:
வணக்கம். புதிதாக வாங்கிய வீட்டின் பின்பக்கம் குளமும் அதோடு ஒட்டிய ஸ்பாவும் (வெந்நீர்த் தொட்டி) இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே பம்ப், ஒரே கேஸ் ஹீட்டர். அடுத்த வாரம் இரவில் மைனஸ் 9 டிகிரி வரை இறங்கும் என்கிறார்கள். போன தடவை குளிர் வந்தபோது பெரிய பம்ப் தானாகவே ஓட ஆரம்பித்தது, அதுவரை சரி, ஆனால் குளத்தைச் சுத்தம் செய்யும் கிளீனருக்கென்று இருக்கும் சின்ன பூஸ்டர் பம்ப் அசையவே இல்லை, அருவிக் குழாயைத் தொட்டால் ஐஸ். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் சால்ட் செல் கருவியும் வேலையை நிறுத்திவிட்டது, பழுதா? குளிரில் ஸ்பாவில் உட்காரத்தான் இந்த வீடே என்று வீட்டில் சொல்கிறார்கள், அதனால் மூடச் சொல்லாதீர்கள்.

மார்க்கம்_அண்ணை:
தம்பி, கனடாவில் நாங்கள் இலையுதிர் காலத்திலேயே குழாய்களில் காற்றடித்துத் தண்ணியை வெளியேற்றிக் குளத்தை மூடிவிடுவோம். ஹாட் டப் மட்டும் தனிப் பெட்டி, நல்ல மூடி போட்டு 38 டிகிரியில் மார்கழி, தை முழுக்க ஓடும். மூடுவதுதான் புத்தி.

ஃப்ரிஸ்கோ_குளக்காரன்:
அண்ணை, உங்கள் ஊருக்கு அது சரி. இங்கே உறைபனி சில நாள் வந்து போய்விடும், பெரும்பாலானோர் மூடுவதே இல்லை. ஓடுகிற தண்ணீர் எளிதில் உறையாது என்பதுதான் மொத்தக் கணக்கும். காற்று 2, 3 டிகிரிக்கு வந்ததும் சென்சர் பம்பை ஓட்டும், ஆனால் கன்ட்ரோலில் எந்தச் சர்க்கியூட்டுக்கு உறைபனிப் பாதுகாப்பு போட்டிருக்கிறதோ அதை மட்டுமே ஓட்டும். பிளேனோ, உங்கள் பூஸ்டர் பெரும்பாலும் தனி டைமரில் இருக்கும், போய்ப் பாருங்கள். அப்படியானால் கையால் போட்டுவிடுங்கள், பெரிய பம்ப் ஓடும்போது மட்டும், இல்லையென்றால் காய்ந்து எரிந்துவிடும். தொல்லை வேண்டாமென்றால் அதன் டிரெயின் பிளக்கை, அதாவது தண்ணீர் வடிக்கும் மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள், கிளீனர் இல்லாமல் ஒரு வாரம் ஒன்றும் ஆகாது. அருவி, ஸ்பா வால்வுகள் எதையும் முழுக்க அடைக்காதீர்கள், எல்லாக் குழாயிலும் கொஞ்சமாவது ஓட வேண்டும். அருவியில் ஐஸ் கட்டினால் தண்ணீர் வெளியே சிதறும், மட்டம் ஸ்கிம்மருக்கு (குளத்துச் சுவரில் மேல்தண்ணீரை உள்ளிழுக்கும் வாய்) கீழே போனால் பம்ப் காற்றை இழுக்கும், அதனால் முன்பே கொஞ்சம் கூடுதலாக நிரப்புங்கள். செல் பழுதில்லை, சுமார் 15 டிகிரிக்குக் கீழே பல செல்கள் குளோரின் தயாரிப்பதை நிறுத்திவிடும், திரவக் குளோரின் ஊற்றுங்கள், குளிரில் கொஞ்சமே போதும். குளத்தைச் சூடாக்கிக் கேஸைக் கரைக்காதீர்கள், உட்காரும் அன்று ஸ்பாவை மட்டும் சூடாக்கினால் போதும்.

பிளேனோவாசி:
நன்றி, பூஸ்டர் தனி டைமரில்தான் இருக்கிறது. மின்சாரமே போய்விட்டால்? 2021 பிப்ரவரி கதையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் பயமுறுத்துகிறார்.

ஃப்ரிஸ்கோ_குளக்காரன்:
பயப்பட வேண்டிய விஷயம்தான். அந்த 16ஆம் தேதி டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 வரை போனது, கரண்டும் இல்லை, இந்த வட்டாரத்தில் எத்தனை பம்ப், ஃபில்டர் வெடித்தன. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், பிளாஸ்டிக் தாங்காது. கரண்ட் சீக்கிரம் வராது என்று தெரிந்ததும் பம்ப், ஹீட்டர் பிரேக்கர்களை அணைத்துவிடுங்கள், திடீரென்று கரண்ட் வந்து காலிப் பம்ப் ஓடக்கூடாது. ஹீட்டருக்குப் போகும் கேஸையும் அடையுங்கள். இயந்திரங்கள் குளத்து மட்டத்துக்குக் கீழே இருந்தால் முதலில் வால்வுகளை மூடுங்கள், இல்லாவிட்டால் குளமே வடிந்து வந்துவிடும். அப்புறம் ஃபில்டர் மேலுள்ள காற்று வால்வைத் திறந்து, பம்ப், பூஸ்டர், ஃபில்டர், ஹீட்டர் எல்லாவற்றின் டிரெயின் பிளக்கையும் கழற்றுங்கள். கழற்றியதைப் பம்ப் கூடைக்குள் போட்டுவையுங்கள், மார்ச்சில் தேட வேண்டாம். குளத்தின் மேல் ஐஸ் படிந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள்.

மார்க்கம்_அண்ணை:
ஸ்கிம்மருக்குள் பாதி தண்ணி நிரப்பின பிளாஸ்டிக் போத்தல் ஒன்றையும் மிதக்க விடுங்கோ, ஐஸ் விரிந்தால் அது நசுங்கி இடம் கொடுக்கும். காருக்கு ஊற்றுகிற ஆன்டிஃப்ரீஸை மட்டும் குழாயில் விட்டுடாதேங்கோ, விஷம். குளத்துக்கென்று தனியாக விற்கிறார்கள்.

பிளேனோவாசி:
பிளக் எல்லாம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் பார்த்துப் படம் எடுத்துவிட்டேன். ஹீட்டரில் ஒன்று துருப்பிடித்து அசையவில்லை, நாளைக்கு ஆள் வருகிறார்.