வட்ட பூலில் சோலார் கவர் ஒரு பக்கமாகச் சுருள்கிறது, உதவி தேவை

ஏஜாக்ஸ்_வாசி
எல்லோருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். பூல் தண்ணீரின் மேல் மிதக்கவிடுகிற சோலார் கவரை (குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள்) சுருட்டுவதற்கு ரீல் ஒன்று, அதாவது கைப்பிடி வைத்த நீளக் குழாய், வாங்கிப் பூட்டினேன். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பக்கம் மட்டும் சுருண்டு வருகிறது, மற்றப் பக்கம் தண்ணீரிலேயே கிடக்கிறது. இன்னும் சுற்றினால் கவர் முழுக்கக் கோணலாகி ஓரிடத்தில் குவிகிறது. கடைசியில் நானும் மனைவியும் கையால்தான் இழுத்து எடுக்கிறோம், அதற்கு ரீல் எதற்கு? விற்ற கடையில் கேட்டால் கவர் புதுசு, போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். சனிக்கிழமை மகளின் பிறந்தநாள், பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சசி_ஸ்கார்பரோ
எத்தனை அடி பூல்? தரைக்கு மேலே வைத்ததுதானே? ரீல் கால்களை எங்கே பூட்டினீர்கள், பூலின் மேல் விளிம்பிலா, வெளியே டெக்கிலா (பலகைத் தளம்)? படம் ஒன்று போட்டால் நல்லது.

நீர்க்காகம்
ஜூன் பிறந்தால் இந்தக் கேள்வியும் பிறந்துவிடும். மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டால் கை சுடாது. கவரைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள். குமிழ் உள்ள பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும், வழுவழுப்பான பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். முதலில் அதைச் சரி செய்துவிட்டு வாருங்கள், பிறகு ரீலைப் பற்றிக் கதைக்கலாம்.

மிசிசாகா_முரளி
ப்ரோ, கவர் எத்தனை மில்? 8, 12, 16 என்று வரும், ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைக்காரர்கள் 16 மில்தான் உழைக்கும் என்று தலையில் கட்டிவிடுவார்கள். அந்தத் தடிப்புக்குச் சின்ன ரீல் தாங்காது, குழாய் நடுவில் தொய்ந்துவிடும், தொய்ந்தால் கோணல்தான் வரும். என் வீட்டில் 12 மில், எந்தத் தொல்லையும் இல்லை. கவரை மாற்றிக் கேளுங்கள்.

மொன்றியல்_அக்கா
குமிழ் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் கவர் கோணலாகச் சுருளாது, அது வேறு விஷயம். தம்பி, கவரைக் குழாயோடு இணைக்கிற பட்டிகளை எப்படி வெட்டினீர்கள்? எல்லாம் ஒரே நீளமா? நீள்சதுர பூலுக்கு அது சரி, வட்டத்துக்குச் சரிவராது. குழாய் பூல் விளிம்புக்கு உள்ளே தண்ணீருக்கு மேல் நிற்கிறது என்றால், கவரின் வளைந்த ஓரம் நடுவில் குழாயை விட்டு அதிகம் விலகியிருக்கும், அதனால் நடுப் பட்டி நீளமாகவும் ஓரப் பட்டிகள் குட்டையாகவும் வேண்டும். வெளியே டெக்கில் நிற்கிறது என்றால் அப்படியே நேர்மாறு. கவரைத் தண்ணீரில் சுருக்கம் இல்லாமல் விரித்து வைத்து, ஒவ்வொரு பட்டியையும் தொய்வு மட்டும் போகும்படி இழுத்து, அதற்குப் பிறகு வெட்ட வேண்டும். பெட்டிக்குள் வரும் படத்தை நம்பி முன்கூட்டியே வெட்டினால் கதை கந்தல்.

ஏஜாக்ஸ்_வாசி
24 அடி வட்டம், தண்ணீர் 4 அடி ஆழம். குமிழ் கீழேதான் இருக்கிறது. கவர் 12 மில், நீலம். கால்கள் மேல் விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறது. பட்டி எல்லாம் ஒரே நீளம். வேலையில் இருக்கிறேன், படம் பின்னேரம் போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை
24 அடி வட்டத்தில் விளிம்பிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி ரீல் வைத்தால் குழாய் தாண்ட வேண்டிய தூரம் கிட்டத்தட்ட 16 அடி. ஆனால் கவரின் அகலமான இடம் 24 அடி. மிச்சம் 8 அடி எங்கே போகும்? இரு பக்கமும் நாலு நாலு அடி வெளியே தொங்கும், கிளாம்பில் முட்டும், குவியும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, சுருட்டும்போது ஆளுக்கொரு பக்கம் நின்று ஓரங்களை உள்ளே மடித்து விட்டுக்கொண்டே வருவது. மற்றது, ரீலைப் பூலின் நட்டநடுவில் குறுக்கே வைத்து, கவரை இரண்டு அரைவட்டமாக வெட்டி, இரண்டின் நேரான ஓரத்தையும் ஒரே குழாயில் பூட்டுவது. சுற்றினால் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வரும். ஆனால் 24 அடிக் குழாய் நடுவில் தொய்யும், தடித்த குழாய் வேண்டும், காசும் கூட.

நீர்க்காகம்
புதுக் கவரை வெட்டச் சொல்லிக் கொடுக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. இதெல்லாம் முதல் வருடக்காரர்கள் செய்கிற வேலை. நான் பூல் வைத்திருக்கும் காலத்துக்கு இங்கே பாதிப் பேர் கனடாவுக்கே வந்திருக்க மாட்டார்கள். அதோடு அவர் வாங்கியது நீலம், நல்ல வேளை. நீலம்தான் வெயிலை இழுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும், கண்ணாடி மாதிரி வருகிற கவர் வெறும் பிளாஸ்டிக் தாள்.

நட்டும்_போல்ட்டும்
ஏஜாக்ஸ் தம்பி, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். சுருண்டு வருகிற பக்கம் கைப்பிடிப் பக்கமா, எதிர்ப்பக்கமா?

பட்டி நீளம் தப்பு என்றால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரிக் கெடும். கவர் அகலம் கூட என்றாலும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் பின்தங்குகிறது என்றால் குழாயைத்தான் பார்க்க வேண்டும். இந்த ரீல்களில் குழாய் ஒரே துண்டு இல்லை, ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற அலுமினியத் துண்டுகள், மூட்டில் இரண்டு சின்ன ஸ்குரூ. நனைந்த கவரின் பாரம் முழுவதும் அந்த ஸ்குரூவில்தான் விழுகிறது. அது தளர்ந்தாலோ முறிந்தாலோ கைப்பிடித் துண்டு சுற்றும், மற்றத் துண்டு பேசாமல் நிற்கும்.

ஒரு மார்க்கர் பேனையால் மூட்டின் குறுக்கே, இரண்டு துண்டிலும் படும்படி நேராக ஒரு கோடு போடுங்கள். கவர் பூட்டியபடி அரைச் சுற்றுச் சுற்றுங்கள். கோடு உடைந்து இரண்டாக விலகினால் விஷயம் அங்கேதான்.

மொன்றியல்_அக்கா
நீர்க்காகம் அண்ணை, நீலம் சுடவைக்கும் என்பது விற்பவர்கள் சொல்கிற கதை. நிறம் கூடின கவர் வெயிலை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, தண்ணீருக்குள் போவது குறைகிறது. தெளிவான குமிழ்க் கவர் போட்டால் பூலுக்குள் இறங்கும் வெயில் 5 முதல் 15 சதவீதம்தான் குறையும், ஒளி புகாத கவர் என்றால் 20 முதல் 40 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை எழுதி வைத்திருக்கிறது. கவர் செய்கிற பெரிய வேலை சுடவைப்பது இல்லை, சூடு தப்பிப் போகாமல் பார்ப்பது.

நீர்க்காகம்
எழுதி வைத்ததை வாசித்தால் தண்ணீர் சுடுமா? என் பூலில் ஜூலையில் 86 டிகிரி பாரன்ஹீட், நீலக் கவர்தான்.

கணக்குப்பிள்ளை
ஜூலையில் கவரே இல்லாத பூலும் சுடும் அண்ணை. அக்கா சொல்வதைக் கணக்காகப் பாருங்கள். ஒரு ராத்தல் தண்ணீரின் வெப்பத்தை 1 டிகிரி பாரன்ஹீட் ஏற்ற 1 பிடியு (BTU, சூட்டை அளக்கிற அலகு) போதும். 80 டிகிரியில் இருக்கிற அதே ஒரு ராத்தல் ஆவியாகப் போனால் 1,048 பிடியு சூட்டைக் கொண்டு போகிறது. இந்த 4 அடி ஆழ பூலில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்குவது யார் கண்ணிலும் படாது, ஆனால் அந்த அளவு ஆவியாகப் போனால் மிச்சத் தண்ணீர் முழுவதையும் 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைக்கிற சூடு அதோடு போய்விட்டது என்று அர்த்தம். பகலில் வெயில் அதை ஈடுகட்டுகிறது. ராத்திரியில் யார் ஈடுகட்டுவது? அதனால்தான் கவர். அதனால்தான் இரவில் கட்டாயம் போடச் சொல்கிறோம்.

கீரிமலையான்
யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் குதித்து வளர்ந்த சனம் இங்கே வந்து தண்ணீருக்குப் போர்வை போர்த்தி, அதைச் சுருட்ட மெஷினும் வாங்கி, மெஷின் சுற்றவில்லை என்று அழுகிறது. மூன்று மாதக் கோடைக்கு இது தேவையா? ஹைட்ரோ பில் (கரண்ட் பில்) வேறு.

சசி_ஸ்கார்பரோ
அண்ணை, கவர் போட்டால் ஹைட்ரோ பில் குறையும், கூடாது. தண்ணீரைச் சூடாக்க ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், கவர் போடாமல் ஹீட் பம்ப் ஓட்டுவது கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்கு ஹீட்டர் போடுகிற மாதிரி. மே நீண்ட வார இறுதிக்குப் பூலைத் திறந்தவர்கள் ஜூனிலேயே இறங்குகிறார்கள் என்றால் கவர்தான் காரணம்.

கீரிமலையான்
நான் சொன்னது மெஷினைப் பற்றி. கவரை நாலு பேர் பிடித்து இழுத்தால் ஆகாதா?

மிசிசாகா_முரளி
நாலு பேர் எங்கிருந்து வருவாங்க, வீட்டில் இருக்கிறதே ரெண்டு பேர். அப்புறம் ஈரக் கவரைப் புல்லில் போட்டு மடித்தால் புல் சாகும், கவரோடு மண்ணும் புல்லும் பூலுக்குள் வரும். ரீல் வேணும்தான். 12 மில்லா இருந்தும் இப்படி என்றால் குழாய்தான் தொய்ந்திருக்கும், நான் சொன்னதில் பாதி சரி.

நட்டும்_போல்ட்டும்
தொய்வு என்றால் நடுவில் பெருக்கும், ஒரு பக்கமாக இழுக்காது முரளி. அவர் வந்து கோட்டைப் பற்றிச் சொல்லட்டும்.

மொன்றியல்_அக்கா
சனிக்கிழமை பிள்ளைகள் வருவதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவரைப் பாதி சுருட்டி, பாதி தண்ணீரில் விட்டு யாரையும் இறங்க விடாதீர்கள். சோலார் கவர் ஆளைத் தாங்காது, மேலே விழுந்த பிள்ளையைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுக்கும், அடியில் போன பிள்ளை மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ரீல் திருந்தாவிட்டாலும் பரவாயில்லை, கையால் இழுத்து முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் ஏணியைப் போட வேண்டும். கவர் மூடியிருக்கிறது என்று ஏணியை அப்படியே விடுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அது பாதுகாப்பு மூடி இல்லை.

நீர்க்காகம்
இதை மட்டும் அக்கா சரியாகச் சொன்னார். இன்னொன்று, சுருட்டிய கவரை வெயிலில் அப்படியே விடக்கூடாது. அடுக்கடுக்காக இருக்கும்போது உள்ளே சூடு தங்கி, குமிழ்கள் வெடித்துப் பொரிந்துவிடும், அடுத்த வருடம் நீலத் துகள்களாகக் கொட்டி, குப்பையை இழுத்தெடுக்கிற ஸ்கிம்மரை அடைக்கும். வெள்ளைத் துணி உறை விற்கிறார்கள், வாங்கி மூடுங்கள். குளோரின் அதிகமாகப் போட்டு ஷாக் செய்கிற நாளிலும் கவரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியிலிருந்து அரிக்கும். இவையெல்லாம் நான் எத்தனையோ தடவை எழுதியவைதான்.

ஏஜாக்ஸ்_வாசி
சுருள்வது கைப்பிடிப் பக்கம்தான். கோடு போட்டுப் பார்த்தேன், விரற்கடை அளவு விலகியது. மூட்டில் ஒரு ஸ்குரூ தலை முறிந்து கிடந்தது, மற்றது கையால் கழன்றது.

நட்டும்_போல்ட்டும்
அதே இடத்தில் அதே ஸ்குரூவைப் போடாதீர்கள், மறுபடி முறியும். இரண்டு துண்டையும் பழைய கோட்டுக்கு நேராகத் திருப்பி, குழாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஊடுருவத் துளைத்து, துருப்பிடிக்காத போல்ட் ஒன்றும் பூட்டு நட்டும் போடுங்கள். ஒரு கை அகலம் தள்ளி இன்னொன்று, முதலாவதுக்குக் குறுக்காக. போல்ட் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கவரைக் கிழிக்கும், அதன் மேல் தடித்த டேப் சுற்றுங்கள். துளைக்கும்போது அலுமினியத் தூள் பூலுக்குள் விழாமல் கழற்றி வெளியே வைத்துச் செய்யுங்கள். முடிந்தால் அக்கா சொன்னபடி பட்டியையும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
மேல் விளிம்பையும் ஒரு தடவை பாருங்கள். கிளாம்பை அதிகம் இறுக்கினால் மெல்லிய தகடு வளையும். தூண் வருகிற இடத்தோடு கிளாம்ப் நின்றால் பாரம் தூணில் இறங்கும், இரண்டு தூணுக்கு நடுவில் நின்றால் தகடுதான் சுமக்கும்.

கீரிமலையான்
ஒரு ஸ்குரூவுக்கு இவ்வளவு கதையா?

நீர்க்காகம்
நான் முதலிலேயே சொன்னேன், அடிப்படையைச் சரி பாருங்கள் என்று.

மொன்றியல்_அக்கா
நீங்கள் சொன்னது குமிழைப் பற்றி அண்ணை.

ஏஜாக்ஸ்_வாசி
போல்ட் போட்டாச்சு, நேராக வருகிறது. ஓரங்கள் இன்னும் குவிகின்றன, மடித்து விட்டால் சமாளிக்கலாம். பட்டி அடுத்த கிழமை. எல்லோருக்கும் நன்றி.

வின்ட்சர்_ராணி
இந்த இழையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறேன். எங்களுடையது ஓவல், 15க்கு 30 அடி. ரீலை நீளவாட்டில் பூட்டுவதா, குறுகிய முனையிலா? கவர் வாங்கவில்லை இன்னும். தெளிவானதா, நீலமா?

சசி_ஸ்கார்பரோ
குறுகிய முனையில், குழாய் 15 அடி அகலத்தைத் தாண்டுகிற மாதிரி. முனை வளைவாக இருப்பதால் பட்டிக்கு அக்கா சொன்ன கணக்குத்தான். கிளாம்ப் உங்கள் விளிம்பின் அகலத்துக்குப் பொருந்துமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். பூல் வெயிலிலா, மரத்தடியிலா?

நீர்க்காகம்
நீலம். வேறு கேள்வி இருந்தால் புதிய இழை தொடங்குங்கள்.